குக்கர் பெட்டியில் ஒரு லென்ஸ்

ஜனவரி 1, திங்கள்

காலை எட்டே முக்காலுக்கு வால்பாறை பஸ் வந்தது. மற்ற பார்சல்களை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடும் கண்டக்டர் மயில்சாமி அண்ணன், இந்தக் குக்கர் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வருவார். இறங்கி என் கையிலேயே கொடுத்தார்.

"ஏனுங்கம்மிணி, நாலு வருசமா இந்தக் குக்கரு மேல போகுது, கீழ வருது. இன்னும் ரிப்பேரு தீரலீங்களா?"

"ஒரு பக்கம் செரி பண்ணுனா இன்னொரு பக்கம் புட்டுக்குதுங்கண்ணா."

"புதுசா ஒண்ணு வாங்கித் தொலைங்க."

புது டைரி என்பதால் எழுதி வைக்கிறேன். பழைய டைரிக்கு எல்லாம் தெரியும். பெட்டிக்குள் இருப்பது குக்கர் இல்லை. பறவைகளைப் படம் எடுக்கிற ஒரு 300 எம்.எம். லென்ஸ். நாலு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு ஒரே நாளில் இரண்டு பேர் போய், கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரே பழைய லென்ஸைக் கேட்டோம். ஒருத்தி நான், பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். இன்னொருவர் இருதயராஜ் சார், வால்பாறையில் ஒரு எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலையைப் பதம் பார்த்துத் தூளாக்கும் டீமேக்கர். தனியாக வாங்க இரண்டு பேருக்கும் கட்டாது. "சேர்ந்து வாங்கிக்குங்களேன்" என்று கடைக்காரர் விளையாட்டாகச் சொன்னார். நாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதத்தின் முன்பாதி என் முறை. பதினாறாம் தேதியிலிருந்து அவர் முறை. லென்ஸ் என்று தெரிந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று குக்கர் பெட்டி.

இந்தத் தடவையும் துண்டில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, ஓரத்தில் ஒரு டீத்தூள் பொட்டலம் செருகி அனுப்பியிருந்தார். லென்ஸ் உறையில் தேயிலை வாசம். தூசி தட்டும்போது மூக்கில் ஏறியது.

ஜனவரி 4, வியாழன்

இருமல் சீசன். கவுன்டரில் மூச்சு விட நேரமில்லை. வலது மணிக்கட்டு வலி விட்டபாடில்லை. எல்லோருக்கும் களிம்பு எடுத்துக் கொடுக்கிறேன், எனக்குப் போட்டுக்கொள்ள மறந்துவிடுகிறேன்.

ஜனவரி 7, ஞாயிறு

ஆழியாறு வாய்க்கால் ஓரத் தோப்புக்குப் போனேன். உண்ணிச்செடிப் புதருக்குள் ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. காலையில் ஆறு மணி வாக்கிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து, வெயில் ஏறினால் திரும்பிப் போய்விடும். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கடவுள் அத்தனை நிறத்தையும் கொடுத்துவிட்டு இருட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். சருகைப் புரட்டும், இரண்டு தத்தல் தத்தும், மறைந்துவிடும்.

லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தும் வெளிச்சம் போதவில்லை. முப்பது படம் எடுத்ததில் ஒன்றில்கூடக் கண் தெளிவாக இல்லை. நாலு குளிர்காலமாக இதே கதை. இருதயராஜ் சாருக்கும் இதே கதைதான். யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவர் மற்றவருக்கு அன்றைக்கே போன் பண்ண வேண்டும் என்று பேச்சு.

எனக்குக் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, போன் வந்தால் போதும் என்று வரும் வழியில் நினைத்தேன். பிறகு அது என்ன நினைப்பு என்று வண்டியை வேகமாக ஓட்டினேன்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. இருதயராஜ் சார் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். நேரில் பார்ப்பது இது பத்தாவது தடவை. எண்ணுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பறவைகளை எண்ணுகிற நாள், பழக்கதோஷம்.

காதோரம் இன்னும் கொஞ்சம் நரைத்திருக்கிறது. மூன்று தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணத்தை மறந்துபோன மனிதர். நான் கல்யாணத்தை மறக்கவில்லை. ஒன்றரை வருஷம் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவள். இதைப் பற்றியெல்லாம் நாங்கள் பேசியதில்லை. நாங்கள் பேசுவது இறக்கை, அலகு, வெளிச்சம்.

என் மணிக்கட்டில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன மேடம் இது?"

"சும்மா சுளுக்குங்க சார்."

"லென்ஸைத் தூக்கித் தூக்கித்தானே?"

"மாத்திரை டப்பாவத் தூக்கித் தூக்கி."

நம்பவில்லை. அதற்குப் பிறகு லென்ஸை என் கையில் தரவே இல்லை. "கைமாத்தற வரைக்கும் என் முறைங்க சார்" என்றேன். "முறை உங்களோடதுதான், வெயிட்டு மட்டும் என்னோடது" என்றார். அறுபத்தியிரண்டு வகை பார்த்தோம். ஆறுமணிக்குருவி குரல் மட்டும் கேட்டது. லென்ஸை அவர் கையோடு மேலே கொண்டுபோனார். பெட்டியில்லாமல் திரும்பி வர என்னவோ போல் இருந்தது.

ஜனவரி 19, வெள்ளி

அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், ஒரு யோசனை. நம் லென்ஸ் மாதிரி கேட்டு ஒருவர் கோயம்புத்தூர் கடைக்கு வந்திருக்கிறார். பிப்ரவரி கடைசி வரை காத்திருப்பாராம். கொடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு 150-600 ஜூம் லென்ஸும் ஒரு ஃபிளாஷும் வாங்கிக்கொள்ளலாம். எடை குறைவு, தூரம் அதிகம். யாரும் பாதி மாதம் காத்திருக்க வேண்டாம். நீங்களும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அலைய வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள்."

"நல்ல யோசனை சார்" என்று பதில் போட்டேன். என்ன நல்ல யோசனை! மூன்று மணி நேரமாக மண்டை குடைகிறது. அலைகிறேன் என்று நான் எப்போதாவது சொன்னேனா?

ஜனவரி 20, சனி

நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். இது லென்ஸ் விஷயம், லென்ஸாகவே பார்க்க வேண்டும்.

எங்கள் லென்ஸ் 2.8. எண் சிறிதாக இருந்தால் வாய் பெரிதாகத் திறக்கும் என்று அர்த்தம். அந்த ஜூம் 600இல் 6.3. இது வாங்குகிற வெளிச்சத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான் வாங்கும். புதருக்குள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? அதனால்தான் ஃபிளாஷ் என்கிறார். ஃபிளாஷ் அடித்தால் குருவி பளிச்சென்று விழும், பின்னால் காடு கன்னங்கரேலென்று போய்விடும். பழைய கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை நிற்கிற மாதிரி. கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு வேறு.

நியாயமாகவும் எழுத வேண்டும். 600 என்றால் இரண்டு மடங்கு தள்ளி நிற்கலாம், குருவி மிரளாது. ஃபிளாஷைக் குறைத்து வைத்து, மேலே வெள்ளைத் துணி கட்டி அடித்தால் இயல்பாகவே வரும் என்கிறார்கள். இப்போதைய கேமராக்களில் புள்ளி புள்ளியாக விழுவதையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம். எடையும் குறைவு, என் கைக்கு நல்லது.

நியாயமாக எழுதினால் ஜூம்தான் ஜெயிக்கிறது. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

ஜனவரி 22, திங்கள்

மருந்தகத்தில் சாவித்திரியக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். ஆளுக்கொரு லென்ஸ் வாங்கப் போகிறோம் என்று மட்டும்தான் சொன்னேன்.

"அப்ப இனி அந்தப் பொட்டி வராதாக்கும்?"

"எதுக்குங்கக்கா வரணும்?"

"ஒண்ணாந்தேதியானா தலைக்குப் பூ வெச்சுட்டு பஸ் ஸ்டாண்டு போயிட்டு வருவியே, அதுக்குச் சொன்னேன்."

"பூ தெனமும்தான் வெக்கறேன்."

"ஆமாமா, தெனமும்தான்" என்று அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தது. மத்தியானம் முழுக்கப் பேசவில்லை நான். கோபம் அக்கா மேல் இல்லை.

ஜனவரி 27, சனி

2.8க்கு ஆதரவாக ஒரு முழு நீளக் கட்டுரை எழுதி அவருக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் பண்ணினார்.

"நீங்க சொல்றதும் சரிதான் மேடம். ஆனா பேப்பர்ல பேசி என்ன ஆகப்போகுது? கடையில ஜூமும் ஃபிளாஷும் ஒரு வாரத்துக்குத் தர்றேங்கறாங்க. ஒரே நாளு, ஒரே குருவி, ரெண்டு லென்ஸ். பரீட்சை வச்சிடுவோம். எங்க காப்பித் தோட்டத்துல ஒண்ணு தெனமும் வருது."

"செரிங்க சார். எது ஜெயிக்குதோ அதுதான்."

"எது ஜெயிக்குதோ அதுதான்" என்றார் அவரும். குரலில் ஒன்றும் தெரியவில்லை. டீமேக்கர்கள் அப்படித்தான் போலிருக்கிறது, வாயில் ஊற்றி ருசி பார்த்துவிட்டு முகத்தில் காட்டாமல் துப்பிவிடுவார்கள்.

பிப்ரவரி 1, வியாழன்

பெட்டி வந்தது. துண்டு, சணல் கயிறு எல்லாம் இருந்தன. டீத்தூள் பொட்டலம் இல்லை.

மறந்திருப்பார். வீட்டில் டீத்தூள் இருக்கிறது, இல்லாமல் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

கியாஸ் சிலிண்டர் மாற்றினேன். மணிக்கட்டு கொஞ்சம் தேவலை. கட்டை அவிழ்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கையில் கட்டோடு போகக்கூடாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. விவரமாக எழுதுகிறேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் இது மாதம் இரண்டு தடவை பார்க்கிறது, நான் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு. பஸ் நிறுத்தத்தில் சார் நின்றிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். காட்டுக்குப் போக இஸ்திரி எதற்கு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மூன்றரை மணிக்குக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினோம். மேலே பெரிய மரங்கள், கீழே காப்பிச் செடிகள், அதற்கும் கீழே சருகு. வெளியே நல்ல வெயில், உள்ளே விளக்குப் போட வேண்டும் போலிருந்தது. முதலில் நான் ஜூம், அவர் பழையது, பிறகு மாற்றிக்கொள்வது. ஆளுக்கு ஐந்து தடவைக்கு மேல் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "குருவிக்கு நம்ம லென்ஸ் சண்டை தெரியாது மேடம்" என்றார்.

நாலே முக்காலுக்கு வந்தது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் சருகைப் புரட்டியது. எடுத்தேன். படங்கள் சரியாக வரவில்லை. குருவி மங்கல், முன்னால் இருந்த காப்பி இலை தெளிவு. ஜூமின் ஃபோகஸ் இந்த வெளிச்சத்தில் தடுமாறுகிறது.

அவர் என் கேமராவை வாங்கிப் பின்னாலிருக்கும் திரையில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப நான் ஜூம்ல எடுக்கறேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா வராது. நான் கீழே ஓடைப் பக்கம் போய் உட்கார்றேன்."

நான் பழைய லென்ஸோடு அங்கேயே இருந்தேன். அரை மணி நேரம். காப்பிச் செடி மறைத்ததோ என்னவோ, ஃபிளாஷ் வெளிச்சம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆறு மணிக்கு அது கூப்பிட்டது. இரண்டு தடவை. அந்தப் பக்கம் அவரும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது கேமராவை இறக்கி வைத்துவிட்டேன். நான்தான் இப்படி, அவர் லென்ஸ் எண்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

பஸ் நிறுத்தத்துக் கடையில் டீ குடித்தோம். தன் கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"உங்ககிட்டதான் பெரிய ஸ்கிரீன் இருக்கு. ரெண்டு பேர் படத்தையும் போட்டுப் பாருங்க. நீங்களே முடிவு சொல்லுங்க மேடம்."

"நீங்க பாக்கலீங்களா?"

"நான் பாக்க வேண்டியதப் பாத்துட்டேன்."

என் முறை இன்னும் நாலு நாள் இருக்கிறது. லென்ஸ் என்னோடு கீழே வந்துவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

நேற்று ஒன்றை மாற்றி எழுதிவிட்டேன். டைரியிலேயே பொய் எழுதினால் பிறகு எங்கேதான் போவது?

ஜூமின் ஃபோகஸ் தடுமாறவில்லை. முதல் படம் அற்புதமாக வந்தது. நாலு குளிர்காலமாக நான் தேடிய படம் அது: கண், கண்ணில் சின்ன ஒளி, நீலத் தோளில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, பின்னால் காடுகூடக் கறுத்துப் போகாமல். அந்த ஜூமில், அந்த ஃபிளாஷில்.

பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. இந்தப் படத்தை அவர் பார்த்தால் முடிந்தது. பெட்டி வராது. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதியாகவே போய்விடும். அவர் எனக்கு எதற்காகப் போன் பண்ணுவார்? நான் அவருக்கு எதைச் சாக்கு வைத்துப் பண்ணுவேன்?

அழித்துவிட்டேன். பிறகு ஃபோகஸ் வளையத்தைக் கையாலேயே திருப்பி, முன்னால் இருந்த இலையில் வைத்து, மற்றதை எல்லாம் எடுத்தேன்.

எனக்கு அந்தப் படம் வேண்டாம். எனக்கு அவர் வேண்டும். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கார்டைத் திறக்கவில்லை. அவர் எடுத்த ஜூம் படங்கள் நன்றாகத்தான் இருக்கும். நான் செய்த தில்லுமுல்லு அவர் கார்டில் எடுபடாது.

பிப்ரவரி 14, புதன்

அலமாரியைச் சுத்தம் செய்தேன். பூரி செய்தேன், ஒருத்திக்குப் பன்னிரண்டு பூரி. கார்டு மேஜை மேலேயே இருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

நாளை பெட்டி போக வேண்டும். முடிவு சொல்லாமல் அனுப்ப முடியாது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கார்டைப் போட்டேன்.

முதலில் பழைய லென்ஸில் எடுத்தவை. நன்றாக இருந்தன, அவர் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். அடுத்து ஜூம். பதினெட்டுப் படங்கள். பதினெட்டும் இருட்டு. குருவி இழுத்துவிட்ட சாயம் போல ஆடிப் போயிருந்தது. ஒன்றுகூடத் தேறாது.

குதிக்காத குறை. 2.8 ஜெயித்துவிட்டது! போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம்தான் ஏதோ உறுத்தியது. படத்தோடு கேமரா எழுதி வைக்கும் விவரங்களைத் திறந்து பார்த்தேன். 600 எம்.எம்., ஷட்டர் பதினைந்தில் ஒரு நொடி. அவ்வளவு நீட்டிக் கையில் பிடித்தால் கல் சிலையைக்கூடத் தெளிவாக எடுக்க முடியாது. அடுத்த வரியில், ஃபிளாஷ்: அடிக்கவில்லை. பதினெட்டிலும் அடிக்கவில்லை.

தேயிலை வாடுகிற நேரத்தை நிமிஷக் கணக்கில் பார்க்கிறவர். போன வருஷக் கணக்கெடுப்பு நாளில், ஷட்டர் வேகம் எவ்வளவு என்று என்னை நாலு தடவை கேட்டவர். ஃபிளாஷைப் பரீட்சை பண்ணுவதற்கென்றே கடையிலிருந்து வாங்கி வந்து, அதைப் போட மறப்பாரா?

போன் பண்ணினேன். பின்னால் தொழிற்சாலை இயந்திரச் சத்தம். இருங்க என்று சொல்லி வெளியே வந்தார்.

"உங்க படமெல்லாம் பாத்துட்டனுங்க சார்."

"ம்."

"ஃபிளாஷே அடிக்கலீங்க."

மலைக்காற்று மட்டும் கேட்டது. இனி நான் சொல்லாமல் இருப்பது அநியாயம் என்று தோன்றியது.

"நானும் ஒண்ணு பண்ணிட்டனுங்க. என் படத்துல இலையில ஃபோகஸ் போனது லென்ஸ் பண்ணதில்லீங்க. நான்தான் திருப்புனேன். மொதப் படம் நல்லா வந்துச்சு. அழிச்சுட்டேன்."

"தெரியும் மேடம்."

"எப்படிங்க?"

"மொத்தப் படத்துலயும் ஒரே இலையில அப்படி நூல் பிடிச்ச மாதிரி ஃபோகஸ் நிக்குமா? படத்தோட நம்பரும் ஒண்ணு குறையுது. தோட்டத்துல வச்சு உங்க கேமராவ வாங்கிப் பாத்தேன்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லல?"

"அதுக்கப்புறம்தானே மேடம் நான் ஓடைப் பக்கம் போனேன். உக்காந்து கொஞ்ச நேரம் சிரிச்சேன். கொஞ்ச நேரம் அழுதேன்னும் வச்சுக்குங்க. அப்புறம் ஃபிளாஷை அணைச்சுட்டு எடுத்தேன்."

எனக்கு வாயில் சண்டைதான் வந்தது.

"அப்ப எதுக்குங்க விக்கலாம்னு சொன்னீங்க?"

"உங்க கை வலிச்சுதே. அதப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது!"

அவர் சிரித்தார். நாலு வருஷத்தில் போனில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"நாளைக்கு உங்க முறைங்க சார்" என்றேன் கடைசியில். "காலைல பொட்டிய பஸ்ல குடுத்துடட்டுங்களா?"

"பஸ்ல குடுக்காதீங்க. நீங்களே கொண்டாங்க."

கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். சாவித்திரியக்காவிடம் லீவு சொல்லியாகிவிட்டது. எத்தனை நாளைக்கு என்று கேட்டது, தெரியவில்லை என்றேன்.